சின்ன ஊர் நூலகம்: சனம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துச் சிறு ஊர்களில் பொது நூலகத்தோடோ வாசிகசாலையோடோ ஒட்டிக்கொண்டு வேலை செய்பவர்களிடம் வரும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. இரவல் கொடுக்கும் மேசையடியில், நிர்வாகக் கூட்டத்தில், கோயில் வீதியில் கண்டு கதைக்கும்போது என்று எங்கேயும் இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். அங்கத்தவராகச் சேர நினைப்பவருக்கும், உள்ளூராட்சி சபையில் கதைத்து ஏதாவது செய்விக்க நினைப்பவருக்கும், புதிதாக நூலகப் பொறுப்பை ஏற்றிருக்கும் தம்பி தங்கைமாருக்கும் இது உதவ வேண்டும்.

எங்கட ஊரிலை வாசிகசாலை இருக்குதானே. பிறகேன் நூலகம்?

இரண்டும் வேண்டும். வாசிகசாலை ஊரார் கூடி நடத்துவது. பெரும்பாலும் சனசமூக நிலையத்தின் ஒரு அறை. காலையில் உதயன், வலம்புரி, தினக்குரல், வீரகேசரி என்று பேப்பர்கள் வரும், வாங்கிலே இருந்து வாசிப்பார்கள், பின்னேரம் அதே முற்றத்தில் கரப்பந்தாட்டம் நடக்கும். பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தினது. நகரமென்றால் மாநகர சபை அல்லது நகர சபை. மற்ற ஊர்களில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பிரதேச சபை. அதற்குச் சம்பளம் பெறும் ஆளணி உண்டு, பதிவேடு உண்டு, பாதீட்டில் ஒதுக்கீடு உண்டு. எல்லாவற்றையும்விட, புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடும் ஒழுங்கு உண்டு.

யாழ்ப்பாணப் பொது நூலகமும் வாசிகசாலை அளவில் தொடங்கியதுதான். 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்குப் போனது. இன்று எல்லாரும் படம் பிடிக்கும் வெள்ளைக் கட்டடம் திறக்கப்பட்டது 1959இல். உங்கள் ஊர் அறை சின்னது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அங்கத்தவராச் சேர என்னென்ன வேணும்?

விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டை, அந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள் என்பதற்குக் கிராம அலுவலரின் உறுதி, ஒரு பிணையாளரின் கையொப்பம், சிறு கட்டணம் அல்லது வைப்புப் பணம். பொதுவாக இவ்வளவுதான். பிணையாளர் பெரும்பாலும் சபைக்கு ஆதன வரி கட்டுபவராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருக்க வேண்டும் என்பார்கள். சிறுவருக்குப் பெற்றோரின் கையொப்பம், பாடசாலை அதிபரின் கையொப்பம். சபைக்குச் சபை சிறு வித்தியாசம் இருக்கும், கேட்டுவிட்டுப் போங்கள்.

நூலகம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிணையாளர் விதிதான் சனத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. வாடகை வீட்டில் இருப்பவர், மீள்குடியேறி வந்தவர், தோட்டத்தில் கூலிக்கு நிற்பவர், இவர்கள் யாரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது? பாடசாலை அதிபரோ கிராம அலுவலரோ கையொப்பமிட்டால் போதும் என்று சபையில் ஒரு தீர்மானம் எடுப்பித்தால், அந்த ஒரு தீர்மானமே பல விளம்பரங்களுக்குச் சமம்.

அங்கத்தவர் இல்லாத ஆக்கள் உள்ளுக்கு வந்து வாசிக்கலாமோ?

தாராளமாக. எந்த ஊரார், எந்தப் பகுதியார் என்று கேட்கவே கூடாது. சாதி பார்த்து வாசிகசாலை பிரிந்த ஊர்கள் எங்களிடம் உண்டு. பொது நூலகத்தில் எந்தக் கதிரையும் எவருக்கும் உரியது. வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு மட்டும்தான் அங்கத்துவம்.

இப்ப எல்லாம் போனிலை கிடக்கு. ஆர் வந்து வாசிக்கினம்?

ஒரு நாள் காலையிலிருந்து பின்னேரம் வரை நூலகத்தில் இருந்து பாருங்கள். திறக்கும் முன்னரே இரண்டு மூன்று ஓய்வுபெற்றவர்கள் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்பார்கள். அவர்களுக்கு முதற்பக்கத்தைவிட மரண அறிவித்தல் பக்கம் முக்கியம். பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்ட அம்மாமார் வருவார்கள், நாவலோ சமையல் புத்தகமோ எடுத்துக்கொண்டு கெதியில் போய்விடுவார்கள். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் சீருடையோடு சிறுவர் பகுதி நிரம்பும். பின்னேரம் ரியூசனுக்கு முன்னும் பின்னும் உயர்தரப் பரீட்சைக்கு (ஏ/எல்) படிக்கும் பிள்ளைகள்.

போனில் எல்லாம் கிடக்கிறது என்பதும் முழு உண்மை அல்ல. ஈழத்துச் சிறு வெளியீடுகள் பல எங்குமே கிடைக்காது. டேட்டா போடக் காசில்லாத வீடுகள் இருக்கின்றன. வீட்டில் ஒரு மேசையோ அமைதியான மூலையோ இல்லாத பிள்ளைகள் அதைவிட அதிகம். வாசகர் இல்லை என்று சொல்பவர் அநேகமாக நூலகத்துக்குப் போகாதவராக இருப்பார்.

அலுமாரியை ஏன் பூட்டி வைக்கினம்? திறந்துவிட்டாக் களவு போகாதோ?

நான் மிகவும் அக்கறைப்படும் கேள்வி இதுதான். கண்ணாடி அலுமாரி, பூட்டு, திறப்பு நூலகரின் லாச்சிக்குள். வாசகர் கண்ணாடிக்கு வெளியே தலையைச் சரித்து முதுகுப் பெயரை வாசித்து, "அந்தப் பச்சை மட்டை" என்று காட்ட வேண்டும். கூச்சமுள்ள பிள்ளை கேட்கவே மாட்டாது, திரும்பிப் போய்விடும்.

இந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது, அது எனக்கு விளங்காமல் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஏட்டுச்சுவடிகளும் போயின. அதன்பிறகு போரும் இடப்பெயர்வும் வீட்டுப் புத்தகங்களையும் தின்றன. இழந்த சனம் மிஞ்சியதைப் பூட்டித்தான் வைக்கும். ஆனால் அன்று திரும்பக் கிடைக்காமல் போனவை ஒரேயொரு பிரதியாக இருந்தவை. வேறு பிரதிகள் ஊர் வீடுகளில் இருந்த புத்தகங்களை மீண்டும் தேடி எடுக்க முடிந்தது. புத்தகம் பல கையில் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

யாழ்ப்பாண நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். நூலகவியலுக்கு அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஆகவே கடையில் திரும்ப வாங்கக்கூடிய எல்லாவற்றையும் திறந்த இராக்கையில் வையுங்கள். வருடத்துக்குச் சில களவு போகும், போகட்டும். திரும்ப வாங்க முடியாததை மட்டும் பூட்டுங்கள். அதற்கான ஒழுங்கைக் கீழே கல்வெட்டு (இறந்தவரின் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம்) பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

புத்தகத்தை எப்பிடி அடுக்கிறது? உந்த டூயி இலக்கம் சின்ன இடத்துக்குத் தேவையோ?

தேவை, ஆனால் முழுக்கத் தேவையில்லை. நூல்களைப் பொருள்வாரியாக இலக்கமிட்டு அடுக்கும் டூயி முறை 1876இல் வந்தது. எங்கள் பொது நூலகங்கள் இதைத்தான் பாவிக்கின்றன. தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811, இந்து சமயம் 294.5, இலங்கை வரலாறு 954.93. சின்ன நூலகத்தில் புள்ளிக்குப் பின் இரண்டு மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முதுகில் நீள இலக்கம் எழுதி ஒட்டினால் திரும்ப அடுக்கும் பிள்ளை குழம்பும்.

இலக்கம் நூலகருக்கு. வாசகருக்குச் சொல் வேண்டும். ஒவ்வொரு இராக்கையின் தலையிலும் "விவசாயம்", "சமையல், தையல்", "எங்கள் ஊர்", "உயர்தரம்" என்று பெரிதாக எழுதி வையுங்கள். சிறுவர் பகுதிக்கு இலக்கமே வேண்டாம். படக்கதைக்கு ஒரு நிறம், கதைக்கு ஒரு நிறம், அறிவியலுக்கு ஒரு நிறம் என்று நாடா ஒட்டிவிட்டால் பிள்ளைகளே திரும்ப வைப்பார்கள்.

நாவல்களை எழுதினவரின்ரை பேரிலை அடுக்கேக்கை எந்தப் பேரைப் பிடிக்கிறது?

முதலெழுத்தை விட்டுவிட்டு வாசகர் அறிந்த பெயரைப் பிடியுங்கள். க. குணராசா செங்கை ஆழியான் என்ற பெயரில்தான் புனைகதை எழுதினார். வாசகர் "செ" வரிசையில்தான் தேடுவார், நாவல்கள் அங்கேதான் இருக்க வேண்டும். பதிவில் "குணராசா, க. - செங்கை ஆழியான் பார்க்க" என்று ஒரு குறிப்புப் போட்டால் போதும். எழுத்தாளர் டொமினிக் ஜீவாவை "ஜீ"யில் தேடுவார்களா "டொ"வில் தேடுவார்களா? இரண்டிலும் தேடுவார்கள். ஒன்றைத் தெரிந்து மற்றதற்குக் குறிப்புப் போடுங்கள். எந்த முறை என்பதைவிட, நூலகர் மாறினாலும் முறை மாறாமல் இருப்பதே முக்கியம். இராக்கையின் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பதிவேடு கொப்பியிலை இருக்கு. கம்பியூட்டர் வேணுமோ?

கொப்பியை விடவே கூடாது. புத்தகம் வந்த திகதி, தொடரிலக்கம், தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, விலை, எப்படி வந்தது, எல்லாம் மையால் எழுதப்பட்ட அந்தத் தடித்த பதிவேடுதான் கணக்காய்வில் நிற்கும். இடப்பெயர்விலும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள்.

கம்பியூட்டர் தேடுவதற்கு. கோஹா என்ற மென்பொருள் இலவசம், நியூசிலாந்தில் பிறந்தது, உலகமெங்கும் பாவிக்கிறார்கள். ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாதாரண எக்செல் அட்டவணை போதும். ஒரேயொரு நிபந்தனை: யூனிகோட்டில் அடியுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அச்செடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல், யூனிகோட்டில் தேடினால் ஒன்றும் வராது. பழைய பாமினிப் பட்டியல் இருந்தால் எறிய வேண்டாம், யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் வாசித்துத் திருத்துங்கள்.

லண்டனிலை இருக்கிற அண்ணா நாலு பெட்டி புத்தகம் அனுப்பப் போறாராம். ஓம் எண்டு சொல்லட்டோ?

முதலில் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் போட நேரமில்லை என்றால் புத்தக முதுகுகளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விதான்: எங்கள் ஊரில் இதை யார் எடுப்பார்? ஆள் நினைவுக்கு வந்தால் ஓம். வராவிட்டால் அன்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியத் தொகுதி, பதிப்புப் பலமுறை மாறிவிட்ட கணக்கியல் புத்தகம், பழைய மென்பொருள் வழிகாட்டி, இவை ஒரு முழு இராக்கையைப் பிடித்துக்கொண்டு தூசி தின்னும். கப்பற் கூலிக்கு ஆகும் காசைத் தந்தால் யாழ்ப்பாணத்துக் கடையிலேயே தேவையானதை வாங்கலாம் என்றும் சொல்லிப் பாருங்கள், அநேகர் விளங்கிக்கொள்வார்கள்.

ஆனால் புலம்பெயர்ந்தவர்களிடம் வலிந்து கேட்க வேண்டியவையும் உண்டு. சிறுவருக்கான நல்ல ஆங்கிலப் படப்புத்தகங்கள். லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் எங்கள் ஆட்கள் வெளியிட்ட தமிழ் நூல்கள், சிற்றிதழ்கள், ஊர்ச் சங்க மலர்கள். இவை இங்கே கடையில் கிடைக்காதவை, அங்கே வீட்டுக் கராஜுக்குள் கிடந்து அழிகின்றன. "அண்ணா, உங்கட ஊர்ச் சங்க மலர் ஒவ்வொரு வருசத்திலும் ஒண்டு அனுப்புங்கோ" என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

பழுதாப்போன புத்தகத்தைக் கழிக்கலாமோ? சரஸ்வதியல்லோ, எப்பிடி எறியிறது?

எறிய வேண்டாம், கழியுங்கள். சபைச் சொத்து என்பதால் நூலகர் தன் எண்ணத்துக்குக் கழிக்க முடியாது. வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் பட்டியலிட்டு, அனுமதி பெற்று, பதிவேட்டில் சிவப்பு மையால் குறித்துத்தான் நீக்க வேண்டும். மாறிப்போன பாடத்திட்டத்தின் பயிற்சிப் புத்தகம், தவறான மருத்துவத் தகவல், பக்கம் உதிர்ந்து வேறு பிரதி உள்ள நாவல் ஆகியவை போகலாம். நூல் எரிந்த மண்ணில் கழித்தல் என்ற சொல்லே நெஞ்சை உறுத்தும். அதனால் ஒரு காவலும் வைத்துக்கொள்ளுங்கள்: ஈழத்தில் அச்சான எதுவும், எவ்வளவு கிழிந்திருந்தாலும், முதலில் வேறெங்காவது பிரதி இருக்கிறதா என்று பார்க்காமல் வாசலைத் தாண்டக் கூடாது.

காசுக்கு எங்கை போறது?

முதலில் சபையிடம். அடுத்த ஆண்டுப் பாதீடு வருடக் கடைசியில் நிறைவேறும்; ஆகவே ஆவணி புரட்டாதியிலேயே கடிதம் போய்ச் சேர வேண்டும். "நூலகத்தை மேம்படுத்தவும்" என்று எழுதினால் கோவைக்குள் போய்விடும். "சிறுவர் பகுதிக்கு இரண்டு மின்விசிறி, திறந்த இராக்கை நான்கு, புதிய நூல்களுக்கு இவ்வளவு" என்று எழுதி வாசகர்கள் கையொப்பமிட்டால் தவிசாளருக்கும் பேச ஒரு தாள் கிடைக்கும். போன வருடம் நூல் வாங்க எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று அறிய வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் கேட்கலாம். சண்டைக்கு அல்ல, கணக்குத் தெரிந்தால் கேட்பது சுலபம்.

அடுத்தது ஊர். பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும், இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கும் எங்கள் சனம் செலவழிக்கத் தயங்குவதில்லை. அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் பாத்திரக் காசில் ஒரு பங்கை நூலகத்துக்கு விட்டு, அப்பாவின் பெயரில் பத்துப் புத்தகம் வாங்கித் தரலாம். உள்ளட்டையில் பெயரும் திகதியும் எழுதி ஒட்டினால் போதும். காசாக வாங்காமல், நூலகம் தரும் தேவைப் பட்டியலிலிருந்து புத்தகமாக வாங்கித் தரச் சொல்லுங்கள். கணக்குச் சிக்கலும் வராது, மேலே சொன்ன நான்கு பெட்டிச் சிக்கலும் வராது.

சனத்தை எப்பிடி உள்ளுக்கை கொண்டுவாறது?

நேரத்திலிருந்து தொடங்குங்கள். வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பும் முன் மூடும் நூலகத்துக்கு எந்த விளம்பரமும் உதவாது. கிழமையில் இரண்டு நாளாவது இரவு ஏழு மணி வரை திறந்தால் புது முகங்கள் வரும். ஆளணி போதாதென்றால் காலையில் ஒரு நாள் பிந்தித் திறக்கலாம்.

அப்புறம், சனம் நிற்கும் இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும். சந்தைக்குள், பிரதேச வைத்தியசாலையின் கிளினிக் வாங்கில், கோயில் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை மடத்தில் ஒரு மேசை. மேசையில் புத்தகத்தோடு அங்கத்துவப் படிவமும் பேனையும் இருக்க வேண்டும், அங்கேயே நிரப்பி வாங்க வேண்டும். "நூலகத்துக்கு வாருங்கள்" என்ற துண்டுப் பிரசுரம் காற்றோடு போய்விடும். பள்ளிகளுக்கு ஐம்பது புத்தகம் கொண்ட பெட்டி ஒன்றைத் தவணைக்குக் கொடுத்து மாற்றுங்கள். சின்னப் பள்ளிக்கூடங்களில் அந்தப் பெட்டிதான் நூலகம். முன்பள்ளி ரீச்சரிடம் கேட்டு மாதத்தில் ஒருநாள் பிள்ளைகளை நடத்திக்கொண்டு வரச் செய்யுங்கள். பிள்ளை வந்தால் அடுத்த கிழமை அம்மம்மாவும் வருவா.

கைபேசியைப் பகையாகப் பார்க்க வேண்டாம். புது வரவுகளின் அட்டைப்படத்தைக் கிழமைக்கு ஒருமுறை ஊர் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள், கூடவே இரண்டு வரி: யாருக்குப் பிடிக்கும், ஏன். "வந்தால் எடுத்து வைப்பம்" என்று முடியுங்கள். ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும். பேச்சுப் போட்டியும் பரிசளிப்பும் நடக்கும், படம் எடுப்பார்கள். நல்லது. ஆனால் போட்டிக்கு வந்த பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. பரிசு பெறாத பிள்ளைக்கும் அன்றே அங்கத்துவ அட்டையும் ஒரு புத்தகமும் கொடுத்து அனுப்புங்கள்.

சின்னப் பெடியள் சத்தம் போடினம். பெரியாக்கள் ஏசினம். என்ன செய்ய?

இடத்தைப் பிரியுங்கள், பிள்ளையை அடக்காதீர்கள். சிறுவர் பகுதியைப் பேப்பர் வாசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், படிக்கும் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். பேப்பர் பகுதியில் எப்படியும் அரசியல் கதை நடக்கும். ஒரேயொரு அறைதான் என்றால் நேரத்தால் பிரியுங்கள்: இரண்டு மணியிலிருந்து நாலு மணி பிள்ளைகளின் நேரம் என்று வாசலில் எழுதி வையுங்கள்.

ஏ/எல் பெடியள் கதிரையைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு தங்கட ரியூசன் கொப்பியைத்தான் படிக்கினம். நூலகப் புத்தகத்தைத் தொடுறேல்லை. விடலாமோ?

விடுங்கள். வீட்டில் இடமில்லாததால் வருகிறார்கள் என்று மேலே சொன்னேன். மின்விசிறி, வெளிச்சம், குடிதண்ணீர், சுத்தமான மலசலகூடம், இவற்றுக்காக வரும் பிள்ளையும் வாசகர்தான். குறிப்பாகப் பெண்பிள்ளைகள் பின்னேரம் பயமில்லாமல் இருந்து படிக்க ஊரில் வேறு பொது இடம் எது?

அவர்களுக்குப் பக்கத்தில் கடந்தகால வினாத்தாள் தொகுப்பையும், பாடத்துக்கு வேண்டிய உசாத்துணை நூல்களையும் வையுங்கள். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் சும்மா இருப்பார்கள். அந்த நேரத்தில் நல்ல நாவலொன்றைக் கையில் கொடுக்கும் நூலகர் ஒரு வாழ்நாள் வாசகரைப் பிடித்துவிடுவார்.

கறையான், பூச்சி, மழை ஒழுக்கு. புத்தகத்தை எப்பிடிக் காக்கிறது?

இராக்கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறையான் சுவரிலும் நிலத்திலும் மண்ணால் வழிகட்டித்தான் ஏறும். இடைவெளி இருந்தால் அந்த வழி கண்ணில் படும். இராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசையும் பிடிக்கும், ஆகவே அடித்தட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, யன்னலைத் திறந்து காற்றோட விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்கு முன் ஓட்டைப் பார்த்து மாற்றுவது எல்லா மருந்தையும்விடப் பெரிய மருந்து.

பூச்சி பிடித்த அரிய புத்தகத்துக்கு ஒரு வழி உண்டு. பொலித்தீன் பையில் இறுக்கமாகக் கட்டி உறைபெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் விட்டுத்தான் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும். நனைந்த புத்தகத்தை வெயிலில் காயப்போட்டால் தாள் நெளியும். பக்கங்களுக்கிடையே வெள்ளைத் தாள் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். இரண்டு நாளுக்குள் செய்யாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டவே வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும். மாப்பசையும் மெல்லிய தாளும் போதும்.

அந்தியேட்டிக் கல்வெட்டு, பள்ளிக்கூட மலர் எல்லாம் ஏன் சேர்க்கிறியள்? உதை ஆர் வாசிக்கிறது?

இதைத்தான் ஒருநாள் தேடிக்கொண்டு வருவார்கள். முப்பத்தோராம் நாள் கையில் தரும் அந்த மெல்லிய புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதலில் தேவாரம், பிறகு இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி மரம், அவர் படிப்பித்த பள்ளிகள், மலாயாவுக்கோ சிங்கப்பூருக்கோ போன பாட்டன், எந்த வருடம் எங்கே இடம்பெயர்ந்தார்கள் என்ற விபரம், ஊர்க் கிணறு தோண்டிய கதைகூட இருக்கும். எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லாத ஊர் வரலாறு அது. அச்சடித்தது சில நூறு பிரதிகள்தான், ஒரு வருடத்தில் பெரும்பாலானவை போய்விடும்.

ஆகவே ஊர்ப் பகுதி என்று ஒரு அலுமாரி வையுங்கள். கல்வெட்டு, கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், விளையாட்டுக் கழக மலர், ஊர் எழுத்தாளரின் நூல்கள், பழைய சஞ்சிகைகள். 1841இலேயே உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த மண் இது; வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மேலே பூட்டு வேண்டும் என்று சொன்னது இந்த அலுமாரிக்குத்தான். அங்கேயே இருந்து வாசிக்கலாம், வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. புதிதாக நூல் வெளியிடும் ஊரவருக்கு, தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் எடுக்கச் சொல்லுங்கள், ஒரு பிரதி உங்களுக்குத் தரவும் சொல்லுங்கள்.

அப்ப அதுகளை ஸ்கான் பண்ணி இணையத்திலை போடலாமோ?

பாதுகாப்புக்குப் பிரதி எடுப்பது ஒன்று, எல்லாருக்கும் வெளியிடுவது இன்னொன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொதுவாக ஆசிரியரின் வாழ்நாளும் அவர் இறந்து 70 வருடமும் பதிப்புரிமை உண்டு. 1879இல் மறைந்த ஆறுமுக நாவலரின் எழுத்தைப் போடலாம். 1980இல் மறைந்த தனிநாயகம் அடிகளின் எழுத்துக்கு 2050 வரை உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஊர் எழுத்தாளரின் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் சந்தோசமாகவே தருவார்கள். எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நீங்களே தனியாக ஒரு இணையத்தளம் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. 2005இலிருந்து நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் ஆவணப்படுத்தி வருகிறது. அதில் முதலில் தேடிப் பாருங்கள். இல்லாததை அவர்களோடு சேர்ந்து எண்ணிமப்படுத்தினால் வேலையும் மிச்சம், ஒரு பிரதி ஊருக்கு வெளியேயும் இருக்கும்.

உந்தப் புத்தகம் எங்கட ஆக்களைப் பற்றிப் பிழையா எழுதியிருக்கு. எடுத்துவிடுங்கோ எண்டு பெரியவர் ஒருத்தர் நிக்கிறார். என்ன சொல்லுறது?

மேசையடியில் வைத்து ஓமும் சொல்ல வேண்டாம், இல்லையும் சொல்ல வேண்டாம். "ஐயா, எந்தப் பக்கம், என்ன பிழை எண்டு எழுதித் தாங்கோ, குழுவிலை வைப்பம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுதித் தரமாட்டார்கள். எழுதித் தந்தால் குழு உண்மையாகவே வாசித்துப் பார்க்க வேண்டும், பதிலும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

சாதியைப் பற்றியும் போரைப் பற்றியும் இயக்கங்களைப் பற்றியும் எங்கள் இலக்கியம் நிறையப் பேசியிருக்கிறது, ஒன்றோடொன்று முரண்பட்டும் பேசியிருக்கிறது. இரண்டு பக்கமும் இராக்கையில் இருக்கட்டும். பொது நூலகச் சேகரிப்பு அரசியல், மத, கருத்துத் தணிக்கைக்கு உட்படக் கூடாது என்று யுனெஸ்கோவின் பொது நூலகப் பிரகடனமும் சொல்கிறது. 2022இல் புதுப்பித்தபோதும் அதை விடவில்லை. அந்தப் பிரகடனத்தைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டி வைத்தால், இப்படியான நேரத்தில் நூலகர் தனியாக நிற்க வேண்டியதில்லை.

நூலகர் இடமாற்றத்திலை போட்டார். ஊர்ப் பெடியள் சேர்ந்து நடத்தலாமோ?

திறந்து வைக்கலாம், அடுக்கலாம், கதை சொல்லலாம். பதிவேடும் கொள்வனவும் சபை ஆளணியின் கையில் இருக்க வேண்டும். தொண்டர்கள் நன்றாக நடத்துகிறார்கள் என்பதைக் காட்டி நூலகர் வெற்றிடத்தை நிரப்பாமல் விடுவார்கள், ஆகவே ஒவ்வொரு சபைக் கூட்டத்துக்கும் வெற்றிடத்தைப் பற்றி ஒரு கடிதம் போகட்டும். ஆர்வமுள்ள பிள்ளை ஒருவர் இருந்தால், 1960இலிருந்து இயங்கும் இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைப் படிக்கச் சொல்லுங்கள்.

புத்தகம் எடுத்த ஆக்கள் கனடாவுக்குப் போட்டினம். புத்தகம் வரேல்லை. இனி என்ன?

முதலில் பிணையாளரிடம் கேளுங்கள், ஆனால் பொலிஸ்காரர் போல் போக வேண்டாம். அநேகமாகப் புத்தகம் அம்மாவின் வீட்டு மேசையிலேயே கிடக்கும். வருடத்துக்கு ஒரு மாதம், வாசிப்பு மாதமே நல்லது, தண்டப்பணம் இல்லாமல் திருப்பித் தரலாம் என்று சபைத் தீர்மானத்தோடு அறிவியுங்கள். வாசலில் ஒரு பெட்டி வையுங்கள், பெயர் சொல்லாமல் போட்டுவிட்டுப் போகட்டும். வெட்கத்தில் நூலகப் பக்கமே வராமல் விட்டவர்கள் இப்படித்தான் திரும்பி வருகிறார்கள்.

உண்மையாகவே தொலைந்ததென்றால் அதே புத்தகத்தையோ, தேவைப் பட்டியலில் உள்ள அதே விலைப் புத்தகத்தையோ வாங்கித் தரச் சொல்லுங்கள். கனடாவில் இருப்பவரின் இலக்கம் கிடைத்தால் ஒரு செய்தி போடுங்கள். அவர் காசு அனுப்பக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அங்கே இருக்கும் ஊர்ச் சங்க மலர்களை அனுப்பக் கேளுங்கள். பதிவேட்டில் பழைய இலக்கத்துக்கு நேரே "இழப்பு, ஈடு பெறப்பட்டது" என்று குறித்துத் திகதி போட்டு, வந்ததற்குப் புது இலக்கம் கொடுங்கள்.